என்னைப் பெண் பார்க்க வந்த ராஜசாரஸ்

"இந்த மூஞ்சிய நான் எங்கியோ பாத்திருக்கேன்" என்றார் ஞானசேகரன்.

அவர் கையில் இருந்தது, அவர் எழுதும் புத்தகத்துக்கு நான் வரைந்த ராஜசாரஸ். நர்மதைக் கரைப் பக்கம் எலும்பு கிடைத்த, நம் நாட்டுக்கே உரிய, மாமிசம் தின்னும் டைனோசர். நெற்றியில் ஒற்றைக் கொம்பு. குட்டிக் கை, கனத்த கால். வாரக்கணக்கில் முதுகு ஒடிய வரைந்த படம். அவர் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில், பதிப்பாளர் ராமலிங்கத்தின் அலுவலகம். புதுப் புத்தகத்தின் பசை வாசனை. மேசை மேல் காகிதத்தில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ராமலிங்கம் படத்தைப் பார்த்தார். பிறகு ஞானசேகரனைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். வாயில் போட்ட மல்லாட்டை தொண்டையில் சிக்கிக்கொண்டது. இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கூட வேல செஞ்சவங்க யாராவது ஞாபகத்துக்கு வர்றாங்களா சார்?"

"இல்லம்மா. ரொம்பப் பழக்கமான மூஞ்சி. டெய்லி பாக்கற மாதிரி."

தினமும்தான் பார்க்கிறார். ஷேவ் செய்யும்போது. இதை நான் சொல்லவில்லை.

"வீட்ல காட்டறேன். சுகந்திக்கு ஆள் மூஞ்சியெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கும்" என்று சொல்லி, படத்தை உறையில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டார். சுகந்தி என்பது அவர் மனைவி.

அவர் படியிறங்கிப் போன பிறகு ராமலிங்கம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், இன்னா மேடம் பண்ணி வச்சிருக்கீங்க?"

கிட்னியால் பிழைத்தவள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் வேதவல்லி. திண்டிவனத்திலிருந்து மயிலம் தாண்டி, திருவக்கரைப் பக்கம் உள்ளே போனால் ஒரு செம்மண் ஊர். அண்ணன் மல்லாட்டை போடுகிறான். நான் படம் போடுகிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பதற்கு ஊரிலேயே போதுமான ஆட்கள் இருப்பதால் நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

பள்ளிக்கூட கைடு புத்தகங்களில் பாகம் குறித்த படங்கள் வருமே, இருதயம், கிட்னி, தவளையின் குடல், அதெல்லாம் பல வருடம் என் கை. என் கிட்னியைப் படிக்காமல் இந்தப் பக்கத்தில் ஒருவரும் டாக்டராகவில்லை. போன வாரம் தவளைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் போன் செய்தார். என் படத்தில் இடது கிட்னி வலது பக்கம் இருந்ததால் தனக்கு மார்க் போனதாம். ஐயா, எதிரில் நிற்கிற ஆளின் இடது பக்கம் உங்களுக்கு வலது பக்கமாகத்தான் தெரியும். மார்க் போனது நியாயம்.

இத்தனை படத்தில் ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. ஒருமுறை கேட்டேன். "கிட்னிக்கு யாராவது கையெழுத்துப் போடுவாங்களாம்மா?" என்றார் கைடு கம்பெனிக்காரர்.

பிறகு இன்டர்நெட் வந்தது. தவளை அங்கேயே இலவசமாகக் கிடைத்தது. நான் திண்டிவனத்தில் பிள்ளைகளுக்கு டிராயிங் வகுப்பு எடுக்கப் போனேன். அப்போதுதான் ராமலிங்கத்தின் போன்.

"மேடம், டைனோசர் வரைவீங்களா?"

"தவள வரைவேன். பெருசாக்குனா டைனோசர்தான்."

நம் மண்ணில் வாழ்ந்து அழிந்த மிருகங்களைப் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு வண்ணப் புத்தகம். படம் முழுக்க முழுக்கக் கையால் வரைந்ததாக இருக்க வேண்டும் என்றார். கலை மீது மரியாதை என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அதற்கு முன் போட்ட பட்டாம்பூச்சிப் புத்தகத்தின் படங்களை இன்டர்நெட்டில் சுட்டிருக்கிறார். படம் எடுத்தவர் ஏதோ வெளிநாட்டிலிருந்து வக்கீலோடு வந்துவிட்டார். அன்றிலிருந்து ராமலிங்கத்துக்குக் கைவேலை மேல் பக்தி.

"அட்டையில எழுதறவரு பேருக்குக் கீழ உங்க பேரு வரும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் யானைக்கு இறக்கை வைத்துக்கூட வரைந்திருப்பேன்.

விழுப்புரத்தில் நிற்காத மூக்கு

முதல் நாள் அதே மாடியில்தான் எழுத்தாளர் ஞானசேகரனை அறிமுகப்படுத்தினார்கள். நிலவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நடுவில் பாக்கு அளவில் ஒரு புடைப்பு. பேசும்போது இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குட்டியாக மடக்கி வைத்துக்கொள்வார். மூக்கு இருக்கிறதே, அது புருவத்துக்கு நடுவே புறப்பட்டு, விழுப்புரத்தில்கூட நிற்காத எக்ஸ்பிரஸ் மாதிரி, வளைந்து நேராக மேலுதட்டுக்கு வந்து சேரும்.

அந்த மூக்கை எனக்குத் தெரியும். நான் தாவணியிலிருந்து புடவைக்கு மாறிச் சில வருடமே ஆகியிருந்த காலத்தில், அந்த மூக்கு எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தது.

கூட அவர் அம்மா, மாமா, தரகர். நான் சேமியா கேசரித் தட்டோடு போய் நின்றேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா செய்யத் தெரியும்?" என்று அவர் அம்மா கேட்டார். தவளைக் குடலை அளவு மாறாமல் வரைவேன் என்றேன். அந்த அம்மா கேசரியைக் கீழே வைத்துவிட்டார். அதற்குள் மாப்பிள்ளை கை கழுவுவதாகச் சொல்லித் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். காபி ஏடு கட்டி, ஆறி, மறுபடி சுட வைத்து, அதுவும் ஆறியது. அவர் திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து அப்பா சொன்னார்: "அவங்களுக்குப் புடிக்கலியாம்மா. உடு."

விட்டிருப்பேன். ஆனால் எனக்கு அந்த மூக்கு கொஞ்சம் பிடித்திருந்தது. அதுதான் பேஜாராகிவிட்டது.

அதற்குப் பிறகும் சிலர் வந்தார்கள், கேசரி தின்றார்கள், போனார்கள். ஒரு கட்டத்தில் நானே கடையைச் சாத்திவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரே ஒரு வருத்தம், முதல் ஆள் ஏன் வேண்டாம் என்றான் என்பது தெரியவில்லையே என்பதுதான்.

அந்த ஆள் இப்போது என் எதிரில் உட்கார்ந்து, "கைடுல வந்த தவளையெல்லாம் நீங்கதானாம்மா? ரொம்ப நல்லா இருக்கும்" என்கிறார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. ஞாபகம் இருந்து மறைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

பாகற்காய் முதுகு

வேலை என்னவோ சுகமாகத்தான் இருந்தது.

குயிலாப்பாளையம் பக்கமிருந்து கையால் செய்த தடித்த தாள் வாங்கி வருவேன். முதலில் பென்சில் கோடு. செதில் மினுங்க வேண்டிய இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் அங்கே நிறம் ஒட்டாது. மேலே நீர்வண்ணம். ஈரம் காய்வதற்குள் கல்லுப்பைத் தூவினால், உப்பு நிறத்தை உறிஞ்சி, தோலில் தேமல் விழுந்தது போல் ஆகும். கழுத்துக்குப் பழைய கொசுவலைத் துண்டை விரித்து, பஞ்சால் சாயம் ஒற்றினால் பொடிச் செதில். முதுகுக்குப் பாகற்காய். இரண்டாகப் பிளந்து, வெளித்தோலைக் கருப்பு மசியில் தோய்த்து அழுத்தினால், எந்த முதலையும் பொறாமைப்படும். அப்புறம் நிப் பேனா, இந்தியன் இங்க், வெளிச்சம் விழும் இடத்தில் போஸ்டர் கலர், ரோமத்துக்குக் கலர் பென்சில். தரைக்கு எங்கள் நிலத்துச் செம்மண்ணையே சலித்து வேலம்பிசினில் குழைத்துக்கொள்வேன். புழுதி பறக்கும் வானத்துக்கு டீ டிகாஷன்.

ஒரு நாள் அண்ணி குழம்புக் கரண்டியோடு வந்து நின்றார்.

"ஏ வேதா, பாவக்கா ஏன் கருப்பா சாயம் உடுது?"

"அது நேத்து டைனோசர் முதுகுல இருந்துச்சு அண்ணி. கழுவித்தான வச்சேன்."

"அடிப்பாவி, ஒங்க அண்ணன் ரெண்டு துண்டு துன்னுட்டாரே!"

"துன்னுட்டு நல்லாத்தான மோட்டார் போடப் போறாரு?"

ஞானசேகரனோ தினம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். கை இவ்வளவு நீளம் கூடாது. வால் தரையில் இழுபடக் கூடாது. கோழி நடப்பதைப் பாருங்கள், முழங்கால் எங்கே மடங்குகிறது பாருங்கள். நான் எங்கள் சேவலின் பின்னாலேயே நோட்டும் பென்சிலுமாக அலைந்தேன். சேவல் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டு கூண்டை விட்டே வெளியே வர மறுத்தது.

"தோல் நெறம் இன்னா சார் போடறது?"

"யாருக்கும் தெரியாதும்மா. உங்க இஷ்டம்."

அளவில் இவ்வளவு கறாரான மனுஷன், நிறத்தில் இவ்வளவு தாராளமாக இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் சுத்தமான ஆள். அரியலூர்ப் பக்கம் தோண்டியெடுத்த ஓர் எலும்பைப் பற்றிச் சொன்னார். உலகத்திலேயே பெரிய டைனோசராக அது இருந்திருக்கலாமாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் எலும்பு கைக்கு வந்த பிறகு நொறுங்கி மண்ணாகப் போய்விட்டது. மிச்சம் இருப்பது யாரோ போட்டு வைத்த கோட்டுப் படமும் மங்கிய போட்டோவும்தான். "அன்னிக்கு அத வரைஞ்சவங்க கைய நாம கும்புடணும்" என்றார். மூன்று முறை அதையே சொன்னார். என்னைப் பார்க்க வந்தபோது இதில் கால்வாசி உருக்கம் இருந்திருந்தால் கதையே வேறு.

மூக்கு வந்த விதம்

ராஜசாரஸ் வரைய உட்கார்ந்தபோது அவர் அனுப்பிய மண்டையோட்டுப் படம் எதிரில் இருந்தது. நெற்றி நடுவில் புடைத்த கொம்பு. நெஞ்சுக்கு நேரே மடங்கிய குட்டிக் கை. இயற்கையே பாதி வேலையை முடித்து வைத்திருந்தது. மூக்கை மட்டும் நான் வளைத்தேன். கண்ணுக்குக் கீழே அவருடைய பையை வைத்தேன். எதையோ யோசித்துக்கொண்டே எதிரில் இருப்பவளைக் கவனிக்காத அந்தப் பார்வையை, மெல்லிய நிப்பில், மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன்.

தெரியாமல் வந்துவிட்டது என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்? தெரிந்தேதான் செய்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே ஒரு படம் வரைந்தேன். அண்ணி எட்டிப் பார்த்து, "இது இன்னா, யாரோ வாத்தியாரு மாதிரி கீது?" என்றார்.

அந்தப் படத்தைத்தான் அவர் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

அன்று ராமலிங்கம் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்த வழியெல்லாம் புலம்பினார். "அவரு ஒத்துக்கினாதான் மேடம் புக்கு. கோச்சிக்கினு போய்ட்டா நான் இன்னா பண்றது? அட்ட டிசைன்லாம் ரெடி. உங்க பேரு போட்டாச்சு."

திண்டிவனம் வரும்வரை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, நானே என்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். பழிவாங்கிய சந்தோஷம் விக்கிரவாண்டி வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

சுகந்தியின் போன்

மறுநாள் காலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் அந்தப் பக்கம் யாரோ மூச்சு முட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்துமா என்று பயந்துவிட்டேன். சிரிப்பு.

"அக்கா, நான் சுகந்தி. ஞானசேகரன் வீட்ல. கொஞ்சம் இருங்க…" மறுபடி சிரிப்பு. "நேத்து வந்து, 'இந்த மூஞ்சி யாரு சொல்லு'ன்னு நீட்றாரு. நான் கண்ணாடி முன்னாடி இட்டுனு போயி நிக்க வச்சேன்."

"அவரு இன்னா சொன்னாரும்மா?"

"ராத்திரி சோறு துன்னும்போது, 'நான் இவ்ளோ கோவமாவா இருக்கேன் பாக்கறதுக்கு'ன்னு கேட்டாரு. 'இதவிடக் கோவமா'ன்னேன்." சிரிப்பு நின்றது. "அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. பத்து வாட்டி பாத்தவங்களுக்குக்கூட இந்தப் பார்வைய வரைய வராது. எங்க வீட்டுக்காரர ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பெண் பார்க்க வந்ததைச் சொன்னேன். கேசரி முதல் காபி ஏடு வரை எல்லாவற்றையும் சொன்னேன். போச்சு, ஒரு குடும்பத்திலும் மண்ணைப் போட்டாயிற்று என்று நினைத்தேன்.

"அவருக்கு இது தெரியாதா?"

"தெரியாது போலருக்கும்மா."

மறுபடி ஆஸ்துமா ஆரம்பித்தது. "நானா சொல்ல மாட்டேன் அக்கா, அவரே கண்டுபுடிக்கட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: படத்தை மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பேசுகிறேன்.

"ஐயா, உங்க கெணத்துல மரம்!"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். சுகந்தி குட்டையாக, சிவந்த முகத்தோடு, வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். தபால் அலுவலகத்தில் வேலை. எந்த முகத்தையும் ஒருமுறை பார்த்தால் போதுமாம். ஞானசேகரன் முறைத்த முகத்தோடு உறையைப் பிரித்தார்.

"பாருங்கம்மா. மூஞ்சி யாருதுன்றது எனக்குக் கவலையில்ல."

"சார், அது வந்து…"

"மூக்கு தப்பு. ராஜசாரஸுக்கு மூஞ்சி குட்ட. மேல் எலும்பு இப்டி கிளி மாதிரி வளையாது. மூக்கு ஓட்ட முன்னாடி இருக்கணும். பசங்க படிக்கற புக்கு. தப்பா போடக் கூடாது."

அவ்வளவுதான். மனுஷனுக்கு அவமானம், கோபம் எல்லாம் ஒரு நாள் இரவோடு போய்விட்டது. எலும்புக் கணக்கு மட்டும் போகவில்லை. வேறு வரைந்து தருகிறேன் என்றேன். இந்தப் பழைய படத்தைத் தனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சுகந்தி அங்கேயே அதைக் கைப்பற்றிக்கொண்டார்.

கை கழுவ அவர் தோட்டத்துப் பக்கம் போனார். அடுத்த நிமிடம் அங்கிருந்து ஒரு கத்தல்.

"இந்தக் கெணறு! சுகந்தி, ஓடியா! அந்தக் கெணறு!"

எல்லோரும் ஓடினோம். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி குதித்துக்கொண்டிருந்தார். "நான் சொல்லல? செம்மண்ணு, கூழாங்கல்லு, அதுக்குக் கீழ கல்லா மாறிப்போன கல்மரம்! திருவக்கரையில மேல கெடக்குதே, அதே மரம். ரெண்டு கோடி வருஷம். இது இந்த ஊர்தானா? எத்தினி வருஷமாத் தேடிக்கினு இருக்கேன்!"

"நீங்க எதுக்கு இங்க வந்தீங்க சார், அப்போ?" என்று கேட்டேன்.

"யாரோ சொந்தக்காரங்க… இல்ல, பொண்ணு…" நிறுத்தினார். என்னைப் பார்த்தார். முதல் முறையாகப் பார்த்தார் என்றே சொல்ல வேண்டும். "அந்த வீட்டுப் பொண்ணா நீங்க?"

"கேசரி குடுத்த பொண்ணு."

"கேசரியா?" என்றார் பாவமாக.

சுகந்தி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் நிற்க அவரால் முடியவில்லை.

கேட்காமல் விடுவேனா? "ஏன் சார் வேணாம்னு சொன்னீங்க?"

"நானா? நான் எங்கம்மா சொன்னேன்? உங்க வீட்லதான் வேணாம்னுட்டாங்க. நான் கெணத்துல எறங்கிப் பாத்துக்கினு இருந்தேன். உங்க அப்பா மேலருந்து 'யார்ரா அது'ன்னாரு. 'ஐயா, உங்க கெணத்துல மரம் இருக்கு'ன்னேன். 'கெணத்துல தண்ணிதாண்டா இருக்கும்'னாரு. அப்புறம் எங்க அம்மா சொன்னாங்க, பொண்ணு வீட்ல ஒத்துக்கலன்னு. ரெண்டு மாசம் எனக்கு சோறே எறங்கல."

"எனக்காகவா?"

"கெணத்துக்காகம்மா."

அண்ணன் மெதுவாக மோட்டார் கொட்டகைப் பக்கம் நழுவினான். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணே, ஒனக்குத் தெரியுமா?"

"புது வேட்டிய தலையில கட்டிக்கினு, ட்ரவுசரோட கெணத்துல நின்னாரு வேதா. பொண்ணு பாக்க வந்த எடத்துல ட்ரவுசரோட நிக்கறவனுக்கு எப்டிப் பொண்ணு குடுக்கறதுன்னு அப்பா வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாரு."

"எங்கிட்ட மட்டும் ஏன் அவங்களுக்குப் புடிக்கலன்னு சொன்னாரு?"

"நீ அடுப்பங்கரையில சிரிச்சிக்கினே இருந்த. 'மூக்கப் பாரேன் அண்ணே'ன்னு எங்கிட்ட சொன்ன. அது அப்பா காதுல உழுந்துடுச்சி. நாம வேணாம்னு சொன்னோம்னு தெரிஞ்சா நீ சண்ட போடுவன்னு…"

"போட்டிருப்பேன்."

"அதான்" என்றான் அண்ணன்.

கிணற்றுக்குள்

இதைப் படித்துவிட்டு என் வாழ்க்கையே வீணாகிவிட்டதாக யாரும் உருக வேண்டாம். அந்த மனுஷனைக் கட்டியிருந்தால் நான் இப்போது ஏதாவது ஒரு பாறைக்குக் குடை பிடித்துக்கொண்டிருப்பேன். சுகந்திதான் அதற்குச் சரியான ஆள். "எங்க வீட்ல கெணறே இல்ல அக்கா. பராக்குப் பாக்க எடமில்லாம என்னப் பாத்துட்டாரு" என்றார்.

என்னை அறுத்தது வேறு. அதன் பிறகு வந்தவர்கள் முன்னால் எல்லாம் நான் ஏற்கெனவே ஒருவன் தள்ளிவிட்ட பெண்ணாகப் போய் நின்றேன். தட்டை நீட்டும்போதே, இவனும் மாட்டேன் என்பான் என்று முடிவு செய்துவிடுவேன். அப்படி யாரும் என்னைத் தள்ளவே இல்லை. அப்பா ஒரு சண்டைக்குப் பயந்திருக்கிறார், அவ்வளவுதான். அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. எனக்கு முதல் பிரஷ் செட்டைத் திண்டிவனத்துக் கடையில் பேரம் பேசாமல் வாங்கிக் கொடுத்த மனுஷன் அவர். திட்டவும் ஆள் இல்லை.

ஞானசேகரன் கிணற்றில் இறங்கியே தீருவேன் என்று செருப்பைக் கழற்றினார். "முட்டி போய்டும், எறங்கினீங்கன்னா நான் பஸ்ஸப் புடிச்சி வீட்டுக்குப் போய்டுவேன்" என்றார் சுகந்தி.

"நான் எறங்கறேன்" என்றேன்.

போர்வெல் போட்ட பிறகு கிணற்றில் தண்ணீர் பேருக்குத்தான் கிடக்கிறது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். அண்ணன் இடுப்பில் கயிறு கட்டி மேலே பிடித்துக்கொண்டான். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில் ஒவ்வொன்றாகக் காலை வைத்து இறங்கினேன். மேலே வெயில் கொளுத்த, உள்ளே ஈர மண் வாசனை. இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். இதன் சுவரை ஒருநாளும் பார்த்ததில்லை.

செல்போன் வெளிச்சத்தில் அது தெரிந்தது. செம்மண்ணுக்குக் கீழே, கூழாங்கற்களுக்கு நடுவே, படுத்த வாக்கில் ஓர் அடிமரம். பட்டையின் கோடுகூட அப்படியே இருக்கிறது. தொட்டால் கல். மரத்தின் நிறம், கல்லின் குளிர்ச்சி. உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். கிணறு அதை இரண்டு மடங்கு சத்தமாக என்னையே கேட்டது. கண் கலங்கியது.

"வளையம் தெரியுதாம்மா? வெட்டுப் பக்கமா போட்டோ எடுங்க! பக்கத்துல கைய வச்சி எடுங்க, அளவு தெரியணும்!" என்று மேலேயிருந்து ஞானசேகரன் கத்தினார்.

நிம்மதியாக அழக்கூட விடாத ஆள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையை வைத்துப் போட்டோ எடுத்தேன்.

மறுநாள் புதுத் தாளை ஒட்டி, மண்டையோட்டுப் படத்தை மட்டும் எதிரில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். மெழுகு, உப்பு, கொசுவலை, இன்னொரு பாகற்காய். இந்த முறை பாகற்காயை அண்ணி என் கையாலேயே குப்பையில் போட வைத்தார். பத்து நாளில் முடிந்தது. விழுப்புரம் மாடியில் ஞானசேகரன் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "மூக்கு சரி" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு என்று ராமலிங்கம் பின்னால் சொன்னார்.

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் இருக்கிறது. அதில் இருக்கும் ராஜசாரஸுக்கு யாருடைய முகமும் இல்லை.

போன வாரம் சுகந்தி போன் செய்தார். பழைய படத்துக்குச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கிறாராம். புதுப் படம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"புதுசு நல்லாத்தான் இருக்கு அக்கா" என்றார். "ஆனா திட்றதுக்குப் பழசுதான் வசதி."